மேக வாயிலின் நர்த்தனம்

ஒரு ஜன சமூகத்தின் பலத்தை மதிப்பிடும் ராஜதந்திரிகள் அதன் சேனையை எண்ணுகின்றனர், கஜானாவைக் கணக்கிடுகின்றனர், அதனோடு உறவு பூண்ட வல்லரசுகளின் ஜாபிதாவைப் பார்க்கின்றனர். இம்மூன்றும் அவசியமானவையே. ஆயினும் இவற்றில் அகப்படாத வேறொரு பலமும் உண்டு. ஒரு சமூகம் தன்னைத் தான் அறிந்து கொள்வதும், அறிந்ததைத் தன் வாயாலேயே உலகுக்கு எடுத்துரைப்பதுமே அப்பலமாகும். தைவான் தீவின் ‘மேக வாயில்’ நாட்டியக் குழுவினர் 50 ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்த்தி வரும் நர்த்தனங்களை ஆராய்ந்து பார்ப்போர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். உலகச் செய்திகளில் தைவானின் பெயர் அடிபடும் போதெல்லாம் யுத்தக் கப்பல்களையும் ஆகாய விமானங்களையும் பற்றியே பேச்சு நிகழ்கின்றது. அத்தீவில் வாழும் சுமார் 2 கோடியே 30 லட்சம் மக்கள் தம்மை யாரென்று கருதுகின்றனர் என்ற கேள்வியைக் கேட்பவர் சிலரே. அக்கேள்விக்கு ஒரு நாட்டியக் குழு அளித்துள்ள விடையை நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

முதற்கண் அத்தீவின் நிலைமையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தது. அதன்பின் சீனக் குடியரசின் கைக்கு வந்தது. சீன உள்நாட்டு யுத்தத்தில் தோல்வியுற்ற தேசியக் கட்சியார் 1949இல் அங்கே வந்து குடியேறினர். அவ்வாண்டு பிரகடனம் செய்யப்பட்ட ராணுவச் சட்டம் 1987 வரை, ஏறக்குறைய 38 ஆண்டுகள், அமுலில் இருந்தது. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் அவர்களுக்கிருந்த ஸ்தானம் பீகிங் சர்க்காருக்குச் சென்றது. இன்று தைவானைத் தனி அரசாக அங்கீகரிப்பவை விரல் விட்டு எண்ணத்தக்க சில தேசங்களே. நம் இந்தியாவும் 1950இலேயே பீகிங்குடன் உறவு பூண்டு விட்டது. கொடி இருந்தும் கொடிக்கு இடமில்லாத சபைகள் பல. பெயர் இருந்தும் அப்பெயரை உச்சரிக்க அஞ்சும் மன்றங்கள் பல. இத்தகைய இடர்ப்பாட்டிலேயே இக்குழு பிறந்து வளர்ந்தது.

1973ஆம் ஆண்டில் லின் ஹ்வாய்-மின் என்ற இளைஞர் இதனை ஸ்தாபித்தார். 1947இல் ஜியாயியில் பிறந்த அவர், முதலில் கதாசிரியராகப் பெயர் பெற்றவர். அமெரிக்கா சென்று அயோவா சர்வகலாசாலையில் எழுத்துக் கலை பயின்றவர். நவீன நாட்டியத்தையும் அங்கேயே கற்றவர். தாய்நாடு திரும்பியதும் சில மாணாக்கரைச் சேர்த்துக் கொண்டு, சீன மொழி வழங்கும் பிரதேசங்களிலேயே முதலாவதான தற்கால நாட்டியக் குழுவை அமைத்தார். சீனத்தின் மிகப் பழமையான நர்த்தனம் என்று கூறப்படும் ‘யுன்மென்’ என்பதன் பெயரையே குழுவுக்கும் இட்டார். ‘மேக வாயில்’ என்பது அதன் பொருள். அந்நர்த்தனத்தின் பெயர் மட்டும் நிலைத்திருக்க, ஆடிய முறை மறைந்து போயிற்று. ஆடும் விதம் இன்னதென்று எவருக்கும் தெரியாத ஒரு புராதன நர்த்தனத்தின் பெயரைப் புதிய குழு தாங்கி நிற்பது பொருத்தமானதே. பெயர் முன்னோருடையது, உள்ளே நிரப்ப வேண்டியது பின்னோர் கடமை.

தொடக்கத்தில் அவர் வெளியிட்ட கொள்கை, சீனர் அமைத்த இசைக்குச் சீனர் வகுத்த நாட்டியத்தைச் சீனர் ஆடிச் சீனருக்குக் காட்டுவது என்பதாகும். மேலை நாட்டு நடனத்தின் நகலாகத் தம் கலை முடிந்து விடலாகாது என்ற அவரது உறுதி இதில் வெளிப்படுகின்றது. எனினும் இக்கொள்கையில் ‘தைவான்’ என்ற சொல் இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பர். அக்காலத்தில் அங்கே பள்ளிச் சிறுவர்களுக்குப் போதிக்கப்பட்டது சீனப் பெருநிலத்தின் சரித்திரம். நதிகளும் மலைகளும் அரச வமிசங்களும் அக்கரையைச் சேர்ந்தவையே. தாம் காலூன்றி நின்ற மண்ணின் வரலாற்றைப் பகிரங்கமாகப் பேசுவது ஆள்வோருக்கு உவப்பான செயலன்று. இந்த மௌனத்தை ஐந்தே ஆண்டுகளில் இக்குழு கலைத்து விட்டது.

1978 டிஸம்பர் 16ஆம் தேதி, லின்னின் சொந்த ஊராகிய ஜியாயியில் ‘மரபுரிமை’ என்னும் நாட்டியம் அரங்கேறியது. பல நூற்றாண்டுகளுக்கு முன் சீனக் கரையிலிருந்து மரக்கலம் ஏறி, கருநீர் என்று அஞ்சப்பட்ட ஜலசந்தியைக் கடந்து, தைவானில் காடு திருத்திக் கழனி கண்ட ஏழைக் குடியானவர்களின் கதை அது. தைவானின் சரித்திரத்தை மேடையில் அவ்வாறு விரித்துக் காட்டியது அதுவே முதன்முறை. அதே நாளில்தான், அமெரிக்கா பீகிங் சர்க்காரை அங்கீகரித்துத் தைவானுடன் ராஜ்ய உறவை முறித்துக் கொள்ளும் என்ற செய்தி தீவெங்கும் பரவியது. முப்பது ஆண்டு நம்பியிருந்த துணை கைவிட்டதென்ற திகைப்புடன் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து கூடினர். மேடையில் அவர்கள் கண்டது என்ன? அலைகடலாகப் பொங்கிய ஒரு மாபெரும் வெண்துணி. அதன் நடுவே சிறு மரக்கலத்தில் ஒருவரையொருவர் பற்றி நின்ற ஆண்களும் பெண்களும். கரையேறியபின் மண் வெட்டுதல், மகப்பேறு, நாற்று நடுதல், விழா. எவர் துணையும் இன்றிக் கடல் கடந்த முன்னோரின் கதையைத் துணையிழந்த அந்நாளில் கண்ட ஜனங்கள் கண்ணீர் உகுத்தனர், கரகோஷம் செய்தனர். அந்நாட்டியம் பல மாதங்களாகத் தயாராகி வந்தது. செய்தியோ அன்றுதான் வந்தது. கலைஞன் தன் ஜனங்களின் அந்தரங்கத்தை உண்மையாகத் தேடிச் செல்வானாயின், காலம் தானாகவே அவனை வந்து சந்திக்கும் என்பதற்கு இதைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிடைத்தல் அரிது.

இந்நாட்டியத்தின் வெற்றி தற்செயலாக வந்ததன்று. முன்னோரின் உழைப்பை நடிக்க முயல்வோர்க்கு உழைப்பின் வலி தெரிந்திருக்க வேண்டுமென்று லின் கருதினார். ஆகவே நர்த்தகர்களை ஷிண்டியன் ஆற்றுப் படுகைக்கு அழைத்துச் சென்று பாறைகளுக்கிடையே நடக்கவும் கற்களைச் சுமக்கவும் செய்தார். நகரத்துப் பிள்ளைகளின் மெல்லிய பாதங்களும் நிமிர்ந்த நடையும் அங்கே மாறின. முழங்கால் மடிந்தது, பாதம் தரையில் அழுந்தியது. இசைக்கோ, தெற்கே ஹெங்சுன் பகுதியைச் சேர்ந்த சென் டா என்ற முதிய கிராமியப் பாடகர் கிடைத்தார். தந்திக் கருவியை மீட்டியவாறு அவர் தாமாகவே இட்டுக் கட்டிப் பாடிய கதைப் பாட்டு நாட்டியத்துக்கு உயிர்நாடியாயிற்று. சங்கீத வித்வான்களின் சபையில் இடம் பெறாத ஒரு குரல் ஒரு தேசத்தின் குரலாக ஒலித்தது.

புகழத்தக்கதைப் புகழும் நாம் குறையையும் சொல்லியாக வேண்டும். ‘மரபுரிமை’ காட்டும் தைவான், கடல் கடந்து வந்தவரின் தைவான். அவர்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் உண்டு. குடியேறியவர் திருத்திய காடு அவர்களுடைய வேட்டைக் காடு. வெட்டிய நிலம் அவர்களுடைய நிலம். குடியானவரின் வீரத்தைப் பாடும் காவியம் அவர்களது இழப்பைச் சொல்லவில்லை. அடக்குமுறை நிலவிய காலத்தில் இவ்வளவு சொன்னதே பெரிது என்று சிலர் சமாதானம் கூறுவர். அதில் நியாயம் உண்டு. எனினும் ஒரு மௌனத்தைக் கலைக்கும் குரல் இன்னொரு மௌனத்தை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கை தேசியம் பேசும் எவருக்கும் வேண்டற்பாலது.

குழுவினர் தங்கள் முதற் பெருங்காவியத்திலேயே தங்கி விடவில்லை. பொருளாதார நெருக்கடியாலும் அயர்ச்சியாலும் 1988இல் குழுவை நிறுத்தி வைத்த லின், 1991இல் மறுபடியும் அதை எழுப்பினார். இடைக்காலத்தில் நாடு மாறியிருந்தது. ராணுவச் சட்டம் நீங்கி, பேச்சுச் சுதந்திரம் துளிர்த்திருந்தது. 1993இல் அவர் இயற்றிய ‘ஒன்பது பாடல்கள்’ சீனப் புராதனக் கவி சூ யுவானின் பெயரால் வழங்கும் பாடல்களை ஆதாரமாகக் கொண்டது. மேடையின் முன்னே தாமரைத் தடாகம். முகமூடி அணிந்த தெய்வங்கள். அத்தெய்வங்களை அழைத்து அழைத்துச் சலித்த மானிடர். தைவான் பழங்குடியினரின் பாட்டும் இம்முறை மேடையேறியது. முடிவிலோ தெய்வங்கள் வரவில்லை. மாண்டவர்களுக்கு அஞ்சலியாக மேடை நெடுகிலும் தீபங்கள் ஏற்றப்பட்டு ஒரு ஒளி நதி ஓடுகின்றது. 1947 பெப்ரவரி 28இல் மூண்ட கிளர்ச்சியைத் தொடர்ந்து தைவானில் சர்க்கார் துருப்புகளால் கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரவர். அவர்களைப் பற்றி நாற்பது ஆண்டுகள் வாய் திறக்க இயலவில்லை. அந்நாட்டு ஜனாதிபதி அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது 1995இல். அதற்கு இரண்டாண்டு முன்னமே நர்த்தன மேடை விளக்கேற்றி விட்டது. சர்க்கார் பேசத் தயங்கிய காலத்தில் கலை பேசியது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் குறித்துக் கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு அவர் செய்த யாத்திரை நம் நாட்டைப் பற்றியது. 1994இல் லின் புத்த கயைக்கு வந்தார். போதி மரத்தடியில் அமர்ந்து தியானித்துத் திரும்பிய அவர் ‘யாத்திரிகரின் பாடல்கள்’ என்ற நர்த்தனத்தை அவ்வாண்டே படைத்தார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ என்ற நவீனமும் அதற்குத் தூண்டுகோலாயிற்று. இந்நர்த்தனத்தில் மூன்றரை டன் நெல்மணிகள் மேடையில் பயன்படுகின்றன. பொன்னிறமான தாரை ஒன்று மேலிருந்து ஒரு துறவியின் சிரத்தின் மீது இடையறாது பொழிகின்றது. கூப்பிய கையுடன் அவர் நாட்டியம் முழுவதும் அசையாது நிற்கின்றார். அவரைச் சுற்றி யாத்திரிகர்கள் விழுகின்றனர், எழுகின்றனர், துன்புறுகின்றனர். இறுதியில் ஒருவர் வந்து, சிதறிக் கிடக்கும் நெல்லை நீண்ட நேரம் வாருகோலால் பொறுமையாக வட்டம் வட்டமாக இழுத்துக் கோலமிட்டு முடிக்கின்றார். பாட்டோ ஜார்ஜியா தேசத்து நாட்டுப் பாடல்கள். இந்தியாவில் தோன்றிய அருளறம், ஜெர்மானியர் எழுதிய கதை, காக்கஸஸ் மலைப் பாட்டு, தைவானின் தேகங்கள் ஆகிய நான்கும் முரணின்றி இணைகின்றன. சுதேசியம் என்பது கதவடைத்துக் கொள்வது என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். தன் வீட்டின் அஸ்திவாரம் உறுதியாயிருப்பவன் எத்தனை விருந்தினரையும் உள்ளே அழைக்கலாம்.

தொண்ணூறுகளில் தொடங்கி நர்த்தகர்களின் தேகப் பயிற்சியும் அடியோடு மாற்றி அமைக்கப்பட்டது. தியானம், மூச்சை ஆளும் சீனப் பயிற்சி, தற்காப்புக் கலை ஆகியவை அன்றாடப் பாடங்களாயின. மேலைப் பாலே நடனமும் கைவிடப்படவில்லை. பாலே நடனம் பூமியை உதறி ஆகாயத்தை நாடுவது. இவர்களது நடனமோ பூமியில் வேரூன்றி, உந்தியிலிருந்து எழும் மூச்சினால் அவயவங்களை இயக்குவது. 1998இல் அரங்கேறிய ‘நீர் நிலவு’ இப்பயிற்சியின் நற்கனி. ஜெர்மானிய இசை மேதை பாக் தனிச் செல்லோ வாத்தியத்துக்கு இயற்றிய இசை ஒலிக்க, வெள்ளுடை தரித்தவர்கள் மெள்ள மெள்ள இயங்குகின்றனர். இறுதியில் மேடை மீது தண்ணீர் பரவி, உருவமும் பிரதிபிம்பமும் ஒன்றாகின்றன. 2001இல் தொடங்கிய நர்த்தனத் தொடர், தூரிகையால் எழுதும் சீன எழுத்துக் கலையைத் தேகத்தின் இயக்கமாக்கியது.

இங்கேயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழ்நாட்டினர் யாவரும் சாந்த சொரூபிகள், தியானத்தில் ஆழ்ந்தவர்கள் என்று நம்பும் மேல்நாட்டு ரசிகர்கள் பலர். அவர்களுக்கு இந்த மந்த கதியும் வெள்ளுடையும் நீர்ப்பரப்பும் அளவு கடந்து இனிக்கின்றன. ஐரோப்பிய அரங்கங்களில் கிடைத்த பெரும் பாராட்டின் ஒரு பகுதி இவ்வகையைச் சேர்ந்தது என்றே நாம் ஐயுறுகிறோம். அழகு மிகுந்து வேதனை குறையும் இடங்களும் இக்காலத்து நர்த்தனங்களில் உண்டு. ஆற்றுப் படுகையில் கல் சுமந்த கால்களின் வேகத்தை ‘நீர் நிலவில்’ தேடுவோர் ஏமாற்றமடையக் கூடும். ஆயினும் வெளியாரின் கரகோஷத்துக்காகக் குழு தன் ஊரை மறந்து விட்டதென்று கூற இடமில்லை. அதற்குச் சாட்சி 2013இல் வெளிவந்த ‘நெல்’.

குழுவின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்காக இயற்றப்பட்ட இந்நர்த்தனத்துக்குக் களமாக அமைந்தது கிழக்குத் தைவானிலுள்ள சிஷாங் என்ற நெல் விளையும் ஊர். ஜப்பானியர் ஆண்ட காலத்திலேயே அரிசிக்குப் பெயர் பெற்றது அவ்வூர். பின்னர் ரசாயன உரத்தால் நிலம் கெட்டு, குடியானவர்களின் முயற்சியால் இயற்கை முறைக்குத் திரும்பி இழந்த பெயரை மீட்டது. நர்த்தகர்கள் அங்கே சென்று குடியானவர்களோடு சேர்ந்து கதிரறுத்தனர். ஒரு படப்பிடிப்பாளர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவ்வயல்களைப் படம் பிடித்தார். வயலில் நீர் நிறைவது, பயிர் துளிர்ப்பது, கதிர் முற்றுவது, அறுவடைக்குப் பின் தாளுக்குத் தீ மூட்டுவது, கருகிய மண்ணில் மீண்டும் நீர் பாய்வது ஆகியவை மேடையின் பின்னே திரையில் ஓட, முன்னே மண், காற்று, மகரந்தம், சூரிய ஒளி, தானியம், நெருப்பு, நீர் என்று நர்த்தனம் நடைபெறுகின்றது. நெல்லின் ஜீவிதமே மனிதரின் ஜீவிதமாகக் காட்டப்படுகின்றது. இது நகரத்து நாடக சாலையோடு நில்லாமல், சிஷாங்கின் கழனிகளுக்கு நடுவே போட்ட மேடையிலும் ஆடப்பட்டது. நெல்லை விளைத்தவரே முன்னமர்ந்து நெல்லின் நர்த்தனத்தைக் கண்டனர். சேற்றில் கால் வைத்து வளர்ந்த எந்த ஜாதியாருக்கும், நம்மவர்க்கும்கூட, இந்நர்த்தனத்தின் பொருளை எவரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனங்களுக்கும் இக்குழுவுக்கும் உள்ள பந்தமே நாம் முக்கியமாகப் போற்றுவது. ராஜதானியில் சீமான்களுக்கு ஆடுவதோடு திருப்தியடையாமல், கிராமங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இவர்கள் சென்றனர். ஆண்டுதோறும் திறந்த வெளியில் கட்டணமின்றி ஆடுவதை ஒரு விரதமாகக் கொண்டனர். பல்லாயிரக்கணக்கில் கூடும் ஜனங்கள் புல்தரையில் அமர்ந்து கண்டு, கலையும் போது ஒரு துண்டுக் காகிதத்தையும் விட்டுச் செல்வதில்லை என்பது பிரசித்தம். 2003இல் தைப்பே நகரசபை ஆகஸ்ட் 21ஆம் தேதியை இக்குழுவின் பெயரால் கொண்டாடும்படி அறிவித்தது. 1999இல் லின்னுக்கு மக்ஸேஸே பரிசு கிடைத்தது. ஆயினும் உண்மையான பரிசு 2008இல்தான் கிடைத்தது என்போம். அவ்வாண்டு பெப்ரவரியில் குழுவின் பயிற்சிக் கூடம் தீக்கிரையாயிற்று. பல ஆண்டுகளாகச் சேர்த்த மேடைச் சாமான்களும் ஆடைகளும் வெந்து சாம்பலாயின. செய்தி பரவியதும் உதவித் தொகைகள் நான்கு திசையிலிருந்தும் வந்து குவிந்தன. அவற்றைக் கொண்டு டாம்சுயி என்ற இடத்தில் எழுப்பிய புதிய அரங்கம் 2015இல் திறக்கப்பட்டது. சர்க்காரின் மானியத்தால் மட்டும் வாழும் கலை, சர்க்கார் முகம் சுளித்தால் வாடும். தனவந்தரின் தயவால் மட்டும் வாழும் கலை, தனவந்தரின் ருசிக்கு அடிமையாகும். இக்குழு அவ்விரு துணைகளையும் பெற்ற போதிலும், மூன்றாவதும் முதன்மையானதுமான துணை ஜனங்களே என்பதை அத்தீ நிரூபித்தது.

ஸ்தாபகரின் நிழலில் வளர்ந்த ஸ்தாபனம் அவருக்குப் பின் நிலைக்குமா என்பது எல்லா நாட்டினரும் கவலையுறும் விஷயம். லின் 2019ஆம் ஆண்டு முடிவில் தாமாகவே விலகினார். 1976இல் பிறந்த செங் ட்சுங்-லுங் 2020இல் பொறுப்பேற்றார். தைப்பேயின் பழைய வாணிபப் பேட்டையில் வளர்ந்து, சிறு வயதில் தெருவோரம் செருப்பு விற்றவர் அவர். தம் தாயார் சொன்ன ஒரு தெருக் கதைசொல்லியின் நினைவை வைத்து 2016இல் ‘பதின்மூன்று நாக்குகள்’ என்ற நர்த்தனத்தை இயற்றினார். கோயில் மந்திர ஒலியும் கடைத்தெருக் கூச்சலும் மின்விளக்குகளின் பகட்டும் கலந்தது அது. குருநாதரின் தியான சாந்தத்தை அதில் காண முடியாது. அவர் வழியைச் சிஷ்யர் அப்படியே பின்பற்றவில்லை என்று குறைப்படுவோர் இருக்கலாம். நாம் குறைப்படவில்லை. சிஷ்யர் குருவினிடமிருந்து பெற வேண்டியது தன் மண்ணைக் கூர்ந்து நோக்கும் கண். குரு கண்ட காட்சியையே திரும்பக் காண்பது சிஷ்யர் வேலையல்ல. பொறுப்பேற்ற ஆண்டிலேயே உலகை வளைத்த கொள்ளை நோய் அரங்கங்களை அடைத்தது. அச்சோதனையையும் கடந்து 2023இல் குழு தன் ஐம்பதாம் ஆண்டை நிறைவு செய்தது.

முடிவாகச் சில வார்த்தைகள். 2022 ஆகஸ்ட் முதற்கொண்டு ஜலசந்தியில் சீன சைன்யத்தின் பெரும் ஒத்திகைகள் பன்முறை நடந்துள்ளன. நாட்டியத்தால் பீரங்கியைத் தடுக்க இயலாது. அவ்வாறு கூறுவது பேதைமை. சீனப் பண்பாட்டின் செல்வங்களை இக்குழு தன்னுடையவையாகவே பாவிக்கின்றது. சீன நகரங்களிலும் சென்று ஆடியிருக்கின்றது. சூ யுவானின் பாடலும், தூரிகை எழுத்தும், மூச்சுப் பயிற்சியும் அக்கரையிலிருந்து வந்தவையே. அவற்றை மறுக்காமலே, தாம் வாழும் தீவின் நெல்லையும் கண்ணீரையும் கடைத்தெருவையும் அவற்றோடு சேர்த்து, முன்பு இல்லாத ஒன்றை இவர்கள் ஆக்கியுள்ளனர். பண்பாட்டு உறவு வேறு, ராஜ்யாதிகாரம் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்குப் பாத்தியதை கொண்டாடுவது நியாயமாகாது. ஒரு சமூகம் தன் எதிர்காலத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்னும் கொள்கையில் நம்பிக்கையுள்ளவர்கள், அச்சமூகத்தின் குரலை முதலில் கேட்டறிதல் கடன்.

தேசபக்தி என்பது மேடைப் பிரசங்கத்தோடு முடிவதன்று. முன்னோர் நட்ட நாற்றையும், கொலையுண்டவரின் பெயரையும், தெருப் பாடகனின் பாட்டையும் மறவாதிருத்தலும் தேசபக்தியே. அதை 50 ஆண்டுகளாக, பெரும்பாலும் ஒரு வார்த்தையும் பேசாமல், தேகத்தாலும் மூச்சாலும் செய்து வரும் ‘மேக வாயில்’ குழுவினருக்கு நம் மனமார்ந்த பாராட்டு உரியதாகுக. தம் முதற் காவியத்தில் இடம் பெறாத பழங்குடியினரின் கதையையும் அதே நேர்மையுடன் அவர்கள் ஆடிக் காட்டும் நாள் விரைவில் வர வேண்டும் என்பதே நமது விருப்பம்.